இரண்டும் இடப்பக்கம்

அந்தக் குடும்பத்தில் யாருக்குக் குளிர்ந்தாலும் முதலில் அக்காவுக்குத்தான் தெரியும். குழந்தை பிறக்கப்போகிறது என்ற சேதி நாலு பேர் காதுக்கு எட்டுவதற்குள் அவள் மடியில் ஒரு குல்லா பாதி வளர்ந்திருக்கும். புது வீட்டுக்குப் போகிறவர்களுக்கு மேசை விரிப்பு, வேலையிலிருந்து ஓய்வு பெறுகிறவருக்குக் கழுத்துத் துண்டு, கோபித்துக்கொண்டு பேச்சை நிறுத்திய சொந்தக்காரருக்குக்கூட ஒரு ஜோடி காலுறை. எல்லாம் அவளுடைய குரோஷா ஊசியில் பிறந்தவை. ஒவ்வொன்றிலும் உட்பக்கம், வெளியே தெரியாத இடத்தில், ஒரே ஒரு சிவப்புத் தையல் இருக்கும். அதுதான் அக்காவின் கையெழுத்து. பரிசு வாங்குகிறவர்கள் "நல்லாருக்கு" என்று சொல்வதற்கு முன்பே உள்ளே திருப்பி அந்தச் சிவப்பைத் தேடவேண்டும். தேடாவிட்டால் அவள் முகம் சுண்டிவிடும்.

"நான் போட்ட கண்ணிய நான் பிரிச்சதா சரித்திரமே கிடையாது" என்பாள். பெருமைதான். இருக்கட்டுமே! வேலை தெரிந்தவளுக்கு இல்லாத பெருமை வேறு யாருக்கு?

ஆனால் இந்தக் கதை அவளுடைய தங்கையைப் பற்றியது. தங்கையை வீட்டில் எல்லோரும் 'கண்ணாடி' என்றுதான் கூப்பிடுவார்கள். சின்ன வயதில் எந்நேரமும் அலமாரிக் கண்ணாடியையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பாள். இந்த வயதிலேயே இப்படி அழகு பார்க்கிறாளே என்று கேலியாக வைத்த பெயர் அது. வளர்ந்து மூக்குக் கண்ணாடிக் கடையில் வேலைக்குச் சேர்ந்தாள். "பேருக்கேத்த வேலை" என்று எல்லோரும் சிரித்தார்கள். யார் மூக்குக்கு எந்த ஃபிரேம் உட்காரும் என்று வாடிக்கையாளர் படியேறும்போதே சொல்லிவிடுவாள். அதெல்லாம் கடையில். வீட்டுக்கு வந்தால் அவள் வெறும் பீச்சாங்கைக்காரி.

ஆமாம், இடது கைப் பழக்கம். அதுதான் வில்லங்கமே. சின்ன வயதில் அக்கா அவளைப் பக்கத்தில் உட்காரவைத்துக் குரோஷா சொல்லிக்கொடுக்கப் பார்த்தாள். அக்காவின் கை ஒரு பக்கம் ஓடும், தங்கையின் கை மறுபக்கம் ஓடும். நூல் சிக்கிக்கொண்டதுதான் மிச்சம். "இந்த ஊசி சரியில்லக்கா" என்று அந்தச் சின்னப்பெண் சொன்னதும் அக்காவுக்கு வந்ததே கோபம்! "ஆடத் தெரியாதவ தெருக் கோணல்னு சொன்னாளாம். போடி, உனக்கு இது ஜென்மத்துக்கும் வராது" என்று ஊசியைத் தூக்கி எறிந்துவிட்டாள்.

வந்தது. எப்படி வந்தது என்று தங்கை யாரிடமும் சொல்லவில்லை. அக்காவுக்கு மகள் பிறந்தபோது, தன் கையாலேயே ஒரு குட்டிக் குல்லா போட்டு எடுத்துக்கொண்டு போனாள். அக்கா அதை வெளிச்சத்தில் பிடித்துக் கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு பார்த்தாள். "என்னடி இது, கண்ணியெல்லாம் எதிர்ப்பக்கம் சாஞ்சு கெடக்கு?" என்று மடித்து அலமாரியின் அடித்தட்டில் வைத்துவிட்டாள். குட்டி என்று எல்லோரும் கூப்பிட்ட அந்தக் குழந்தையின் தலையில் அந்தக் குல்லா ஏறவே இல்லை. அதற்குப் பிறகு கண்ணாடி தன் வேலையை அந்த வீட்டுக்குள் கொண்டுபோனதே இல்லை. குட்டிக்கு என்ன கொடுக்கலாம் என்று கேட்கும்போதெல்லாம் அக்கா, "உனக்கெதுக்குச் சிரமம், கடையில ஏதாச்சும் வாங்கிக் குடு" என்பாள். கண்ணாடியும் வாங்கிக் கொடுத்தாள். பொம்மை, பேனா, கைக்கடிகாரம். குட்டி ஒவ்வொன்றையும் "சித்தி குடுத்தது" என்று ஊரெல்லாம் காட்டினாள். ஆனால் தன் கையால் செய்த ஒன்று, ஒரே ஒன்று, அந்தப் பெண்ணின் உடம்பில் ஏற வேண்டும் என்ற ஆசை மட்டும் கண்ணாடிக்குத் தீரவே இல்லை.

குட்டி வளர்ந்து, பாலம் கட்டுகிற படிப்பைப் படித்து முடித்தாள். பனி கொட்டுகிற தூரதேசத்தில் அவளுக்கு வேலை கிடைத்தது. மகளுக்கு ஒரு குளிர்கோட்டுப் போட அக்கா உடனே ஊசியைக் கையில் எடுத்தாள். மயில் கழுத்து நிறத்தில் கனமான உல்லன் நூல். கோட்டின் முன்பக்கம் இரண்டிலும் இடுப்பிலிருந்து தோள்வரை புடைப்பாகச் சாய்ந்து ஏறும் இலைக்கொடி. "இதுவரைக்கும் போட்டதெல்லாம் ஒத்திகை. இதுதான் வேலை" என்று சொல்லிக்கொண்டே போட்டாள். எல்லாத் துண்டுகளையும் போட்டு முடித்த கையோடு குளியலறையில் வழுக்கி விழுந்தாள். வலது மணிக்கட்டு முறிந்தது. விரல்நுனியிலிருந்து முழங்கைவரை மாவுக்கட்டு.

ஊரையே கூட்டினாள். வலியால் அல்ல, கோட்டை யார் இணைப்பது என்று.

கடைசியில் வேறு வழியில்லாமல் தங்கையைக் கூப்பிட்டாள். "துண்டெல்லாம் ரெடியா இருக்குடி. வெறும் ஒட்டுத் தையல்தான். அது யாருக்கும் வரும்" என்றாள். 'யாருக்கும் வரும்' என்ற அந்த வார்த்தை கண்ணாடிக்குச் சுருக்கென்று தைத்தது. ஆனாலும் பையை வாங்கிக்கொண்டாள். ஒட்டுத் தையலாவது தன் கையால் இருக்கட்டுமே என்ற நப்பாசைதான்.

வீட்டுக்கு வந்து சாப்பாட்டு மேசையைத் துடைத்துவிட்டுத் துண்டுகளைப் பரப்பினாள். முதுகுத் துண்டின் மேல் ஒரு முன்பக்கத்தை வைத்தாள். கச்சிதமாகப் பொருந்தியது. இன்னொன்றை எடுத்து மறுபக்கம் வைத்தாள். கழுத்து வளைவு தோளில் போய் உட்கார்ந்தது, தோள் வளைவு கழுத்துக்கு வந்தது. சரி, திருப்பிப் போடுவோம் என்று திருப்பினாள். வளைவெல்லாம் சரியாகிவிட்டது. ஆனால் இலைக்கொடி உள்ளே ஒளிந்துகொண்டு, துணியின் பின்பக்கம் பல்லை இளித்தது. ஒன்றின்மேல் ஒன்றாக அடுக்கிப் பார்த்தாள். அச்சு அசல் ஒன்றே போல இருந்தன.

இரண்டும் இடப்பக்கம்!

"அடி என் அக்கா!" என்று வாய்விட்டுச் சிரித்தாள் கண்ணாடி. தனியாக நின்று, மேசையைப் பிடித்துக்கொண்டு, கண்ணில் நீர் வரும்வரை சிரித்தாள். சிரிக்காமல்? எத்தனை வருடம் காத்திருந்த சிரிப்பு அது! முதல் துண்டை முடித்த உற்சாகத்தில், பெரிய கெட்டிக்காரி, இரண்டாவதையும் அதே மனப்பாடத்தில் போட்டுத் தள்ளியிருக்கிறாள். சிரித்து முடித்த பிறகுதான் குட்டியின் நினைப்பு வந்தது. அவள் கிளம்ப இன்னும் அதிக நாள் இல்லை. சிரிப்பு அப்படியே அடங்கிவிட்டது.

மறுநாள் காலையில் கண்ணாடி அக்கா வீட்டுக்குப் போனபோது, அக்கா இடது கையால் கரண்டியைப் பிடித்துச் சாப்பிட்டுக்கொண்டிருந்தாள். பாதி வாய்க்குப் போனது, பாதி மடிக்குப் போனது. மாமாவுக்கு, அதுதான் அக்காவின் கணவருக்கு, வேடிக்கை தாங்கவில்லை.

"வலது கை செய்யறது இடது கைக்குத் தெரியக்கூடாதும்பாங்க. உங்க அக்காவுக்கு இடது கை செய்யறது இடது கைக்கே தெரியல, பாத்தியா?"

"சும்மா இருங்க. குட்டி கடைக்குப் போயிருக்கா, வர்றதுக்குள்ள கோட்டப் பாக்கணும்" என்ற அக்கா தங்கை பக்கம் திரும்பினாள். "அதுக்குள்ள இணைச்சிட்டியாடி?"

கண்ணாடி இரண்டு முன்பக்கத்தையும் எடுத்து அக்காவின் மார்பின்மேல் பக்கத்துக்கு ஒன்றாக வைத்தாள். அக்கா குனிந்து பார்த்தாள். ஒன்றைத் திருப்பினாள். மறுபடியும் திருப்பினாள்.

"நீ மாத்தி வெச்சிருக்க."

"நீயே வெச்சுப் பாரு."

"இது வேற துண்டா இருக்கும்."

"பையில இருந்தது இவ்வளவுதான்க்கா."

அக்கா நாற்காலியில் சாய்ந்துவிட்டாள். இத்தனை வருடத்தில் ஒரு கண்ணியைக்கூடப் பிரிக்காதவள், ஒரு முழுப் பக்கத்தையே தப்பாகப் போட்டிருக்கிறாள். அதுவும் பெற்ற மகளுக்கு.

"விடும்மா, யானைக்கும் அடி சறுக்கும்" என்றார் மாமா.

"யாரு யானை?" என்று சீறினாள் அக்கா. பிறகு குரல் இறங்கிப்போய், "கட்டுப் பிரிக்கறதுக்குள்ள அவ போயிடுவா. கடையில ஒண்ணு வாங்கிக் குடுத்துடலாம்" என்றாள்.

கடையில்! அக்கா வாயால்! அக்காவின் கர்வத்தை அவள் எத்தனையோ நாள் கரித்துக்கொட்டியிருக்கிறாள். ஆனால் அது உடைந்துபோவதைப் பார்க்க அவளுக்குத் துளியும் பிடிக்கவில்லை.

"கடையும் வேணாம் ஒண்ணும் வேணாம். வலப்பக்கத்த நான் போடுறேன்."

"உன் கை எதிர்ப்பக்கம் ஓடும்டி! எல்லாம் தலைகீழா வரும்!"

"அதான்க்கா இப்ப வேணும்!" என்று கத்தினாள் கண்ணாடி. "நீ இடப்பக்கம் போட்ட அதே கணக்க நான் என் கையால போட்டா, அது தானா வலப்பக்கம் ஆயிடும். கொடி எதிர்ப்பக்கம் சாயும். சாயணும்ல? இத்தன வருஷமா என் கை தப்புன்ன. இன்னிக்கு அந்தத் தப்புதான் சரி."

அக்கா நம்பவில்லை. கண்ணாடி தன் கைப்பையிலிருந்து மூக்குக் கண்ணாடி உறை ஒன்றை எடுத்து அவள் மடியில் போட்டாள். உல்லன் நூலில் போட்டது. கண்ணிகள் சீராக, எறும்பு வரிசை போல, எல்லாம் ஒரே பக்கம் சாய்ந்திருந்தன. அக்காவின் கண்ணிகள் சாய்வதற்கு நேர் எதிர்ப்பக்கம். அக்கா அதை இடது கை விரலால் தடவித் தடவிப் பார்த்தாள்.

"இது நீ போட்டதா? எங்கடி கத்துக்கிட்ட?"

"உங்கிட்டதான்."

"நான் எங்க சொல்லிக்குடுத்தேன்? ஊசியத்தான் தூக்கி எறிஞ்சேன்."

"நீ ஜன்னலோரம் உக்காந்து போடுவல்ல? எதிர்ல அலமாரிக் கண்ணாடி இருக்கும். நேராப் பாத்தா உன் கை எனக்குப் புரியாது. கண்ணாடியில பாத்தா நீயும் என்னை மாதிரியே பீச்சாங்கைக்காரி. அதப் பாத்துப் பாத்துத்தான் கத்துக்கிட்டேன். நீங்க எல்லாரும் நான் அழகு பாக்கறேன்னு நெனச்சீங்க."

"அடப்பாவமே! அப்ப இத்தன வருஷமா தப்பான காரணத்துக்கா கண்ணாடின்னு கூப்பிட்டோம்?" என்றார் மாமா.

அக்கா சிரிக்கவில்லை. "அந்தக் குல்லா..." என்று ஆரம்பித்தாள். முடிக்கத் தெரியவில்லை. "சரி, உக்காரு" என்றாள்.

உட்கார்ந்தால் மட்டும் போதுமா? நூல் வேண்டாமா? அந்த நிறத்தில் கடைகளில் நூல் தீர்ந்துபோயிருந்தது. மிச்சம் இருந்த உருண்டை ஒரு கைக்குட்டைக்குக்கூடக் காணாது. நூல் இருந்த இடம் ஒன்றே ஒன்றுதான். தப்பாகப் போன அந்த இரண்டாவது துண்டு. மூன்று பேருக்கும் அது தெரிந்தது. கண்ணாடி மெல்லக் கையை நீட்டினாள்.

"தொடாத" என்றாள் அக்கா. "நான் போட்டத நானே பிரிக்கறேன்."

கடைசி முடிச்சைப் பல்லால் கடித்து அவிழ்த்தாள். இடது கையால் நூலை இழுத்தாள். சரசரவென்று வரிசை வரிசையாக இலைகள் கரைந்துபோயின. மாமா எதிரே உட்கார்ந்து உருண்டை சுற்றினார். அன்று அவர்கூட ஒரு கேலியும் பேசவில்லை. பாதி கரைந்தபோது அக்கா நிமிர்ந்து, "நான் பிரிச்சதால ஒண்ணும் ஆயிடலல்ல?" என்று கேட்டாள். "ஒண்ணும் ஆகலக்கா" என்றாள் கண்ணாடி. பிரித்த நூல் சுருள் சுருளாக நின்றது. சுருள் நிமிர்வதற்காக மாமா அதை நீள வளையமாகச் சுற்றிக் கட்டி வெந்நீரில் அலசி, கனத்துக்குப் பூட்டு ஒன்றைத் தொங்கவிட்டுக் காயப்போட்டார்.

குட்டிக்கு ஒன்றும் தெரியக்கூடாது. அவள் சாமான் வாங்க, தோழிகளைப் பார்க்க என்று வெளியே போகிற நேரமெல்லாம் வேலை நடந்தது. கண்ணாடி கடையிலிருந்து நேரே அக்கா வீட்டுக்கு வந்துவிடுவாள். அக்கா வரிசை வரிசையாகச் சொல்லிக்கொண்டு போவாள். முதலில் ஒரே ரகளை.

"இரு, வலப்பக்கத்துக்கு மாத்திச் சொல்லணும். கண்ணி குறைக்கறது ஆரம்பத்துல இல்ல, முடிவுல... இல்ல இல்ல..."

"மாத்தாதக்கா! உனக்கு எப்படி வந்துச்சோ அப்படியே சொல்லு. மாத்தற வேலைய என் கை பாத்துக்கும்."

ஆனால் அக்காவால் தங்கையின் கையைப் பார்க்க முடியவில்லை. எதிர்த்திசையில் ஓடுகிற ஊசியைப் பார்த்தால் தலை சுற்றுகிறது என்றாள். கண்ணாடி எழுந்துபோய், முகம் பார்க்கிற கண்ணாடியைச் சுவரிலிருந்து கழற்றிவந்து எதிரே நிறுத்தினாள். அக்கா அதில் பார்த்தாள். கண்ணாடிக்குள் தங்கை வலது கைக்காரியாக, அக்காவைப் போலவே ஊசியை ஓட்டிக்கொண்டிருந்தாள். அக்கா வெகுநேரம் கண்ணெடுக்காமல் பார்த்தாள்.

"நல்லா போடுறடி" என்றாள் கடைசியில்.

கண்ணாடி நிமிரவில்லை. நிமிர்ந்தால் கண்ணிகள் கணக்குத் தவறிவிடும், கண்ணில் நீர் வேறு நின்றது. "தெரியும்" என்றாள். ஆமாம், அவளுக்குத் தெரியும். அக்கா சொல்ல வேண்டும் என்றுதானே காத்திருந்தாள்.

தப்பு வந்தபோதெல்லாம் அவள் கூசாமல் பிரித்தாள். அக்கா முதலில் பல்லைக் கடித்தாள். அப்புறம் அவளே, "அந்த வரிசை இறுகிப்போச்சு, பிரி, பிரி" என்று விரட்ட ஆரம்பித்தாள். பிரிப்பதில் இவ்வளவு சுகம் இருப்பது தெரியாமல் போய்விட்டதே என்றும் சொன்னாள். இடப்பக்கத்துக் கொடியும் வலப்பக்கத்துக் கொடியும் ஒன்றையொன்று பார்த்துச் சாய்ந்து ஏறின. ஒரே கை இரண்டையும் போட்டிருந்தால்கூட இவ்வளவு ஒத்துப்போயிருக்காது.

இணைத்து முடித்தாயிற்று. பட்டனும் தைத்தாயிற்று. மிச்சம் இருந்தது சிவப்புத் தையல். கண்ணாடி ஊசியில் சிவப்பு நூலைக் கோத்து அக்காவைப் பார்த்தாள்.

"எங்க போடணும்? நீ காட்டு, உனக்காக நான் போடுறேன்."

"எனக்காக நீ எதுக்குப் போடணும்?" என்றாள் அக்கா. "வலப்பக்கம் நீ போட்டது. உன் பக்கத்துல உன் தையலப் போடு. என் பக்கத்த நான் பாத்துக்கறேன்."

கண்ணாடி வலப்பக்கத்தின் உள்ளே ஒரு தையல் போட்டாள். நேராக, அழுத்தமாக. ஊசியை அக்காவிடம் கொடுத்துவிட்டுக் கடைக்கு ஓடினாள். மாவுக்கட்டோடு இவள் என்ன செய்யப்போகிறாள் என்று யோசித்துக்கொண்டே ஓடினாள்.

குட்டி கிளம்புவதற்கு முந்தின மாலை. கூடத்தில் சொந்தபந்தம் நிறைந்திருந்தது. மாமாவின் அண்ணன், அதாவது குட்டியின் பெரியப்பா, நடுநாயகமாக உட்கார்ந்திருந்தார். வாய் கொஞ்சம் நீளம், மனசில் கெடுதல் இல்லாத மனிதர். குட்டி கோட்டைப் போட்டுக்கொண்டு வந்து நின்றாள். எல்லோரும் ஒரே சமயத்தில் பேசினார்கள். "கடையில கூட இப்படிக் கிடைக்காது!" "அந்தக் கொடியப் பாரேன்!" "அக்கா கைக்கு ஒரு காப்புப் போடணும்" என்று ஒருத்தி சொல்ல, "அதான் மாவுல போட்டிருக்கே" என்றார் மாமா.

கண்ணாடி சுவரோரமாக நின்றாள். அவளைப் பற்றி யாரும் ஒன்றும் சொல்லவில்லை. எப்படிச் சொல்வார்கள்? யாருக்கும் தெரியாதே.

குட்டி பழக்கப்படி கோட்டை விரித்து உள்ளே பார்த்தாள். "அம்மா, இதென்ன ரெண்டு சிவப்பு? இந்தப் பக்கம் ஒண்ணு, அந்தப் பக்கம் ஒண்ணு. இது நேரா இருக்கு. இது என்ன இவ்வளவு கோணலா இருக்கு?"

"ரெண்டா?" என்று எட்டிப்பார்த்தார் பெரியப்பா. "அம்மாவுக்குக் கை ஒடிஞ்சதும் உங்க சித்திய ஒத்தாசைக்குக் கூப்பிட்டிருப்பா. கோணல் யாருதுன்னு கேக்கணுமா? அது பீச்சாங்கை வேலைதான்!"

கூடமே சிரித்தது. கண்ணாடிக்கு நாக்கு நுனிவரை பதில் வந்துவிட்டது. விழுங்கிக்கொண்டாள். இது அவள் சொல்லிச் சபையேறுகிற விஷயம் இல்லை. அக்கா சொல்ல வேண்டும். இத்தனை பேர் நடுவில், கண்ணியே பிரிக்காதவள் என்று பெயர் வாங்கிய அக்கா, வாய்திறந்து சொல்ல வேண்டும். இன்று சொல்லாவிட்டால் இனி எப்போதும் சொல்லமாட்டாள்.

அக்கா எழுந்தாள். மாவுக்கட்டுக் கையைத் தாங்கிப் பிடித்துக்கொண்டு குட்டியிடம் போனாள்.

"ஆமா, பீச்சாங்கை வேலைதான்" என்றாள். "என் பீச்சாங்கை. அந்தக் கோணல் நான் போட்டது. அந்த ஒரு தையல் போட நான் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும். நேரா இருக்கு பாருங்க, அது என் தங்கச்சியோடது."

சிரிப்பு நின்றுவிட்டது.

"இன்னொண்ணும் கேட்டுக்கோங்க. நான் ரெண்டு முன்பக்கமும் இடப்பக்கமாவே போட்டுத் தொலைச்சேன். என் கையாலேயே பிரிச்சேன். இந்த வலப்பக்கம், அடியிலேர்ந்து தோள் வரைக்கும், முழுக்க அவ போட்டது. கொடியப் பாருங்க. ஏதாவது குறை சொல்ல முடியுமா? சொல்லுங்க பாப்போம்!"

யார் சொல்வார்கள்? பெரியப்பா மூக்குக் கண்ணாடியை மாட்டிக்கொண்டு குனிந்து பார்த்தார். அந்த ஃபிரேமும் கண்ணாடி பார்த்துக் கொடுத்ததுதான். இப்படியும் அப்படியும் பார்த்துவிட்டு, "எனக்கு வித்தியாசமே தெரியலியேம்மா" என்றார்.

"தெரியாது" என்றாள் அக்கா. தன் வேலையைப் பற்றிப் பேசும்போதுகூட அவள் குரலில் இவ்வளவு கர்வத்தைக் கண்ணாடி கேட்டதில்லை.

குட்டி வலப்பக்கத்துக் கொடியைக் கீழிருந்து மேலாக விரலால் தடவிக்கொண்டே வந்தாள். "இது பூராவும் சித்தியா?" என்றாள்.

"பூராவும்."

அவள் சுவரோரம் வந்து சித்தியைக் கட்டிக்கொண்டாள். கனமான உல்லன் கோட்டு, கூடம் நிறைய ஆட்கள், கதவெல்லாம் மூடியிருந்தது. குட்டிக்கு நெற்றியிலிருந்து வேர்வை ஒழுகியது.

"கழட்டுடி, இப்படி வேர்க்குது!" என்றாள் அக்கா.

"கழட்டமாட்டேன்" என்றாள் குட்டி.

"நீ சும்மா இரு, அக்கா" என்றாள் கண்ணாடி. "இன்னும் கொஞ்ச நேரம் போட்டிருக்கட்டும்."